இன்னொரு தடவை படிம்மா

மனசு சரியில்லை என்றால் நான் பாத்திரம் கழுவுவேன். அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சுத்தமான பாத்திரங்களையே எடுத்து இரண்டாம் முறை கழுவிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க மிசஸ் வீவர் வருகிறார். பிள்ளைகளின் வருஷக் கோப்பு பாதிகூட அடுக்கியாகவில்லை. சாப்பாட்டு அறையில் என் சின்ன மகள் டெல்லாவின் உயரத்துக்கு ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஓட்ஸ் டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காகிதக்கூழ் பூசியது. அதுவும் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. அடுப்பில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் கொதிக்கிறது. எனக்கோ ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. நான்தான் பள்ளிக்கூடம். பென்சில்வேனியாவில் எங்கள் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் சர்ச்சில் மட்டும் ஒன்பது குடும்பம் இப்படி. ஆளுக்கொரு முறை வைத்திருப்பார்கள். என் முறை, ஆறு வாரத்துக்கு ஒரு பொருள். தேனீ என்றால் ஆறு வாரமும் தேனீதான். கணக்கும் அதில்தான், சமையலும் அதில்தான், சரித்திரம், படம், பாட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் எல்லாம் அதில்தான். பெரியவள் ஜோசிக்குப் பன்னிரண்டு வயது. சின்னவள் டெல்லாவுக்கு வருகிற ஜூலையில் ஒன்பது. இருவருக்கும் ஒரே மேசை, ஒரே பாடம். நான் சத்தமாகப் படிப்பேன். கேட்டதை அவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு நல்ல வாக்கியத்தை அழகான கையெழுத்தில் பார்த்தெழுத வேண்டும். கேள்வித்தாள் கிடையாது, மார்க் கிடையாது.

திருப்பிச் சொல்வதில் டெல்லாவை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. ஒரு தீவுக் கதையைப் படித்தால் புயல் எந்தத் திசையில் அடித்தது என்பதுவரை சொல்வாள். படித்து முடித்ததும் என் முழங்கையைப் பிடித்து இழுப்பாள். "இன்னொரு தடவை படிம்மா." ஒரே புத்தகம், நாலு தடவை. எனக்குத் தொண்டை கட்டிவிடும். சர்ச்சில் மற்ற அம்மாக்கள், "எம் பையன் புத்தகத்தைக் கண்டாலே ஓடுறான் லோர்னா" என்று புலம்பும்போது, "எங்க டெல்லாவுக்கு எந்தப் புத்தகமும் நாலு தடவை வேணும்" என்று சொல்லிவிட்டு முகத்தை அடக்கமாக வைத்துக்கொள்வேன். கர்வம் பிடித்தவள் நான். ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வருஷம் அந்தக் கர்வத்துக்கு ஒரு கெடு இருந்தது. அதை வைத்தது என் கணவர் கிளேட்டன். வைக்க வைத்தது என் நாத்தனார் பெவர்லி.

பெவர்லி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இரண்டாம் வகுப்பு டீச்சர். நவம்பரில் நன்றி சொல்லும் விருந்துக்கு அவள் வீட்டில்தான் கூடுவோம். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் மற்றவர் எழுதியிருக்கும் நன்றியைப் படிக்க வேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம். மேசை நடுவில் பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்பு, பூசணிக்காய் பை, காத்திருக்கும். டெல்லா தன் சீட்டைப் பிரித்தாள், பார்த்தாள். "பூசணிக்கா பைக்கு நன்றின்னு போட்டிருக்கு! சீக்கிரம் வெட்டுங்கன்னும் போட்டிருக்கு!" என்றாள். மேசையே சிரித்தது. பெவர்லி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டை எழுதியவள் அவள்தான்.

சமையலறையில் தட்டுத் துடைக்கும்போது ஆரம்பித்தாள்.

"லோர்னா, தப்பா எடுத்துக்காத. டெல்லாவுக்குப் படிக்க வரலன்னு தோணுது."

"வெளையாட்டுக்குச் சொன்னா. உனக்குச் சிரிக்கத் தெரியலன்னா அதுக்கு எம் பொண்ணு என்ன பண்ணுவா?"

"நான் இதை வருஷா வருஷம் பாக்கறேன். பேச்சுல கெட்டிக்காரப் பிள்ளைங்கதான் இப்படி ஒளிஞ்சுக்கும்."

"முப்பது பேரை மேய்ச்ச கண்ணால எம் பொண்ணைப் பாக்காத பெவர்லி. எங்க முறையில அவசரம் கிடையாது. பழுக்கறப்ப தானா பழுக்கும்."

அவள் துணியை மடித்து வைத்தாள். "பழுக்கறதுக்கும் அழுகறதுக்கும் வித்தியாசம் தெரியணும்."

அவ்வளவுதான். கரண்டியைப் போட்ட வேகத்தில் சிங்க்கில் ஒரு கோப்பை உடைந்தது. பூசணிக்காய் பையைக்கூட வெட்டாமல் பிள்ளைகளைக் காரில் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் ஏழு மாதம் அவளுடன் பேச்சே இல்லை. அன்றைக்குக் கிளேட்டன்தான் காரை வீடுவரை ஓட்டி வந்தார். அவர் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். பேச்சை அளந்துதான் விடுவார். வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "லோர்னா, ஜூன்ல மிசஸ் வீவர் ஒரு குறையும் சொல்லலன்னா, இதைப் பத்தி நான் இனி பேச மாட்டேன். குறை சொன்னா, செப்டம்பர்ல ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஏறட்டும்."

"சரி" என்றேன். மிசஸ் வீவர் என்ன குறை சொல்லிவிடப் போகிறார்? சட்டப்படி வருஷத்துக்கு ஒரு முறை ஒரு டீச்சர் வந்து கோப்பைப் பார்த்து, பிள்ளைகளோடு பேசி, படிப்பு சரியாக நடக்கிறது என்று கடிதம் தர வேண்டும். மிசஸ் வீவர் ஓய்வு பெற்ற டீச்சர், தங்கமான மனுஷி. மூன்று வருஷமாக டெல்லாவின் பேச்சைக் கேட்டு வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்.

நான் பாத்திரம் கழுவிய அந்தத் திங்கட்கிழமை, கலங்கரை விளக்கப் பாடத்தின் கடைசி நாள். ஒவ்வொரு பொருளையும் ஒரு புதையல் வேட்டையோடு முடிப்பேன். ஜாம் பாட்டில்களில் சீட்டு எழுதிப் போட்டு வீடு முழுக்க ஒளித்து வைப்பேன், கடலில் மிதந்து வந்த செய்தி மாதிரி. எப்போதும் ஜோசி சீட்டைப் படிப்பாள், டெல்லா ஓடுவாள். அன்றைக்கு ஜோசி விடியற்காலையிலேயே அப்பாவோடு லாரியில் ஏறிப் போய்விட்டாள். நானும் நாள்குறிப்பில் 'பால் பண்ணை, நேரில் பார்த்தது' என்று எழுதிக்கொண்டேன். எங்களுக்கு எல்லாமே பாடம்தான்.

"இன்னைக்கு எல்லாப் பாட்டிலும் உனக்குத்தான்" என்று முதல் பாட்டிலை டெல்லாவிடம் கொடுத்தேன்.

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மூடியைத் திறந்தாள், சீட்டைப் பிரித்தாள். நான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்: எண்ணெய் தீர்ந்துவிட்டது. அப்பாவின் காலணிக்குள் பார்.

உதட்டை அசைத்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள். "அலை பெருசா வருதாம்! எல்லாரும் மேல ஏறிடுங்கன்னு போட்டிருக்கு!" என்று மாடிப்படியில் தடதடவென்று ஏறினாள்.

நானும் சிரித்தேன். கரண்டியோடு நின்று சிரித்தேன். ஜாம் அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அந்தப் பூசணிக்காய் பை ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"டெல்லா, கீழ வா."

வந்தாள். அலமாரியிலிருந்து மாவுப் பையை எடுத்து மேசையில் வைத்தேன். "இதுல என்ன போட்டிருக்கு?"

"மாவு."

"அது சரி. இந்த வரியைப் படி."

"நல்ல மாவுன்னு போட்டிருக்கு."

அங்கே போட்டிருந்தது, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று. நான் வேறு வரியைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி பையைப் பார்த்தாள். "கண்ணு வலிக்குதும்மா" என்றாள்.

"டெல்லா."

"தலையும் வலிக்குது."

தேனீ புத்தகத்தை எடுத்தேன். அதைத் தண்ணீர் மாதிரிப் படித்தாள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தை என் கையால் மூடிக்கொண்டு, "இங்கேருந்து" என்றேன். நின்றுவிட்டாள். படத்தை மூடியிருந்த என் கையை விலக்கப் பார்த்தாள். என் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை. அடுத்த மாதம் ஒன்பது வயது. தினமும் என் எதிரில், இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியவில்லை. பார்த்தெழுதிய நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக முத்து முத்தான கையெழுத்து. படம் வரைவதைப் போல வரைந்திருக்கிறாள்!

மத்தியானம் ஜோசி பால் வாசனையோடு வந்தாள். அவளைத் தனியாகக் கொல்லைப் பக்கம் இழுத்துப் போனேன்.

"உனக்குத் தெரியுமாடி?"

தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லாத சொல்லாதன்னு அழுவாம்மா. பாடத்தாள் எல்லாம் நான்தான் காதுல படிச்சுச் சொல்வேன்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"நீ கேக்கவே இல்லையேம்மா. நீதான் எல்லார்கிட்டயும் அவளுக்குப் புத்தகம்னா உசுருன்னு சொல்லிட்டிருந்த."

ஒரு அறை விட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

செவ்வாய்க்கிழமை ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். மூன்று வருஷத்தை ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். அட்டை வெட்டினேன், எழுத்துகளை எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். தனித்தனியாகக் கேட்டால் சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து நழுவிப்போகும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி. "இதுகூடவா வரல?" என்று கத்தினேன். அவள் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே போய்த் துணியைக் கொடியிலிருந்து எடுத்து, காயவில்லை என்று தெரிந்து, மறுபடி கொடியில் போட்டேன். உள்ளே வந்து வருஷக் கோப்பை அடுக்கினேன், கலைத்தேன். பெவர்லியின் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகறதுக்கும் பழுக்கறதுக்கும்.

கிளேட்டனிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது, "கோப்பு ரெடியா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். பொய்.

புதன்கிழமை சாயங்காலம் அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். டெல்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "நாளைக்கு மிசஸ் வீவர் ஏதாவது படின்னு சொன்னா, கலங்கரை வெளக்கத்துல வெளக்கேத்தற பொண்ணு கதை இருக்குல்ல, அதை எடு. அது உனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, நானும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன் என்று. பிறகு யோசித்தாள்.

"ஆனா பக்கம் எங்க திருப்பறதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நீதான எப்பவும் திருப்புவ?"

"நான் எதிர்ல உக்காந்திருப்பேன். தலையாட்டறேன். ஆட்டினா திருப்பு."

"லேசா ஆட்டு. அவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றாள் என் மகள். பழகின கை மாதிரிச் சொன்னாள்.

அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பு. அதற்கு மாகாணத் தேர்வு உண்டு. அதற்குள் எப்படியாவது சொல்லிக்கொடுத்துவிடலாம், இந்த வருஷம் மட்டும் தாண்டினால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்கிற சமாதானம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மிசஸ் வீவர் வந்தார். கையில் அதே பழுப்புப் பை, அதே பேனா. கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடி ஆத்தாடி, என்ன உசரம்!" டெல்லா உள்ளேயிருந்த டார்ச்சைப் போட்டுக் காட்டினாள். கண்ணாடியை ஏன் வளையம் வளையமாக வெட்டினார்கள், ஒரு சின்ன விளக்கு எப்படி இருபது மைல் தூரம் தெரிகிறது, மூடுபனி வந்தால் ஏன் மணி அடிக்க வேண்டும், காவல்காரருக்கு மாசத்துக்கு எத்தனை பீப்பாய் எண்ணெய். பதினைந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினாள். மிசஸ் வீவர் சொக்கிப்போனார். ஜோசி தன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு வாசலில் டேங்கர் லாரி நின்றது. கிளேட்டன் சாப்பிட வரும் நேரமில்லை அது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க கிளேட்டன். உங்க பொண்ணு என்னைக் கடலுக்கே கூட்டிட்டுப் போயிட்டா" என்றார் மிசஸ் வீவர். கோப்பைப் புரட்டினார். பார்த்தெழுதிய பக்கங்களைப் பார்த்து, "என்ன கையெழுத்து!" என்றார். பேனாவைத் திறந்தார். பிறகு ஒரு மரியாதைக்குக் கேட்பதுபோல், "ஒரு ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டறியா கண்ணு? அதோட முடிச்சுக்கலாம்" என்றார்.

டெல்லா விளக்கேற்றும் பெண்ணின் கதையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆரம்பித்தாள்.

குரல் தெளிவாக இருந்தது. புயல் வரும் இடத்தில் தாழ்த்தினாள், அப்பா படகில் போகும் இடத்தில் நிறுத்தினாள். எல்லாம் என் குரல். நான் நிறுத்தும் இடங்கள், நான் இழுக்கும் இழுப்பு. நான் தலையை லேசாக ஆட்டினேன். திருப்பினாள். மறுபடி ஆட்டினேன். திருப்பினாள். மிசஸ் வீவர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் கேட்டார். கிளேட்டன் தொப்பியை மார்போடு வைத்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இன்னும் இரண்டு பக்கம், ஒரு கையெழுத்து, எல்லாம் முடிந்தது.

நான் டெல்லாவின் கண்ணைப் பார்த்தேன். அது புத்தகத்தில் இல்லை. ஒரு நொடிகூட இல்லை. என் மோவாயில் இருந்தது. என் மகள் என் மோவாயைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அது அசையுமா, எப்போது அசையும் என்று பார்த்துப் பார்த்து அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பாடு? யாருக்காக?

அடுத்த பக்கம் திருப்ப வேண்டிய இடம் வந்தது. நான் தலையை ஆட்டவில்லை.

அவள் தொடர்ந்து சொன்னாள். பெண் படியேறிவிட்டாள், விளக்கேற்றிவிட்டாள், தூரத்தில் கப்பலும் திரும்பிவிட்டது. திறந்திருந்த பக்கத்தின் படத்தில் அந்தப் பெண் இன்னும் கீழே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். டெல்லாவின் குரல் தேய்ந்தது. என்னையே பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள், ஆட்டும்மா என்று. பிறகு குரல் நின்றுவிட்டது.

மிசஸ் வீவர் கண்ணைத் திறந்தார்.

"போதும் டெல்லா" என்றேன். "மிசஸ் வீவர், அவ படிக்கல. அது மனப்பாடம். அவளுக்குப் படிக்க வராது. நான்தான் தலையாட்டிப் பக்கம் திருப்ப வெச்சேன். திங்கக்கிழமைதான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் உங்களை ஏமாத்தப் பாத்தேன்."

டெல்லா புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிக் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கிளேட்டன் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

மிசஸ் வீவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கித்தான் போயிருந்தது. "மூணு வருஷம் லோர்னா. இதே நாற்காலியில உக்காந்து நீ சுட்ட பலகாரத்தைச் சாப்பிட்டுட்டுப் போயிருக்கேன். முப்பத்தஞ்சு வருஷம் டீச்சரா இருந்தவ நான். நீயாவது அவ அம்மா, பாசம் கண்ணை மறைச்சுதுன்னு சொல்லிக்கலாம். நான் என்னன்னு சொல்றது?"

"கடிதம்..." என்றேன்.

"ஜோசிக்கு இன்னைக்கே தரேன். டெல்லாவுக்கு இப்ப என்னால தர முடியாது. மாசக் கடைசி வரைக்கும் நாள் இருக்கு. அதுக்குள்ள, படிக்கச் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது அவளைக் காட்டு. அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்குச் சொல்லு. அதை வெச்சு உள்ளது உள்ளபடி எழுதறேன்."

அவர் போன பிறகு கிளேட்டன் என் எதிரில் உட்கார்ந்தார். பஸ் பேச்சை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. "பெவர்லிகிட்ட நான் பேசட்டுமா, நீ பேசறியா?" என்றார்.

"நானே பேசறேன்."

ஏழு மாதம் கழித்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"பெவர்லி, நான் லோர்னா. நீ சொன்னது சரி."

நான் அப்பவே சொன்னேனே என்று வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எழுத்து தெரியுதா அவளுக்கு?" என்றாள்.

"தனித்தனியாத் தெரியுது. சேக்க வரல. முதல் எழுத்து நழுவிப் போயிடுது."

"சரி. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கூட்டிட்டு வா. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, நான் சும்மாதான் இருக்கேன்."

"செப்டம்பர்ல உங்க பள்ளிக்கூடத்துல சேக்கணும்னாலும் சேக்கறேன்." சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வரும்போது என் சாப்பாட்டு மேசை, பாட்டில்கள், தேனீ, கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் யாரோ வாரிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

"அதை அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல அவளுக்கு என்னன்னு பாப்போம்" என்றாள். போனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். "லோர்னா, நான் அன்னைக்கு அழுகறதுன்னு சொல்லியிருக்கக் கூடாது. பிள்ளையைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் உன் கோப்பையை உடைச்சிருக்கக் கூடாது."

"அது எங்க மாமியார் வீட்டுக் கோப்பை. ஒழிஞ்சுதுன்னு விட்டேன்."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். டெல்லா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"கோவமாம்மா?"

"உம்மேல இல்ல."

"நான் நல்லாத்தான சொன்னேன்? நீதான் தலையாட்டல."

"நீ நல்லாத்தான் சொன்ன கண்ணு. நான்தான் இனிமே ஆட்ட மாட்டேன். நாளைக்குப் பெவர்லி அத்தை வீட்டுக்குப் போறோம். அவங்க உனக்குப் படிக்கச் சொல்லித் தருவாங்க. மொதல்லேருந்து."

கொஞ்ச நேரம் ஓட்ஸ் டப்பாவின் ஒட்டுக்காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அடுத்த புத்தகத்தை நான் மனப்பாடம் பண்ண வேண்டாமா?"

"வேண்டாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

பெரிய மூச்சு ஒன்று விட்டாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய மூச்சு. என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"எத்தனை புத்தகம்டி அப்படி மனப்பாடம் பண்ணியிருக்க?"

விரல் விட்டு எண்ணினாள். தேனீயில் ஐந்து, ரயிலில் நாலு, ரொட்டியில் மூன்று, பனிக்காலப் பறவைகளில் ஆறு, இதில் ஐந்து. இருபத்து மூன்று.

"எப்படி முடிஞ்சுது உன்னால?"

"மூணு தடவை கேட்டா வராதும்மா, நடுவுல மறந்துடும். நாலு தடவை கேட்டாத்தான் வரும்" என்றாள். "அதான் ஒவ்வொரு வாட்டியும் இன்னொரு தடவை படிம்மான்னு கேப்பேன். உனக்குத் தொண்டை கட்டிடும்னு எனக்குத் தெரியும். ஆனா என்ன பண்றது?"

சர்ச்சில் எட்டு அம்மாக்களிடம் நான் பெருமையடித்த நாலு தடவை அதுதான். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். சிங்க்கில் காலைப் பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. நான் எழுந்து போகவில்லை.